வேல்ஸ் கிராமத்தில் சமூகக் கவுன்சில் கூட்டம்

வேல்ஸில் பாரிஷ் (பங்கு) என்பது இப்போது தேவாலயத்துக்கு மட்டும்தான். ஊர் அளவிலான நிர்வாகத்தை 1974 முதல் சமூகக் கவுன்சில் என்ற ஊர் மன்றம்தான் கவனிக்கிறது. நடைபாதை, விளையாட்டுத் திடல், பேருந்து நிழற்குடை என அன்றாடம் கண்ணில் படுகிற பலவும் இங்கேதான் பேசப்படுகின்றன. வீடு கட்ட அனுமதி தருவது மட்டும் இவர்கள் கையில் இல்லை. கருத்துச் சொல்லலாம், அவ்வளவுதான்.

கவுன்சில்கள் அதிகம் சறுக்குவது கூட்ட அறிவிப்பில். அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் இடையில் முழுதாக மூன்று நாள் இருக்க வேண்டும். அறிவிப்பு ஒட்டிய நாள், கூட்ட நாள், ஞாயிறு, வங்கி விடுமுறை எனப்படும் பொது விடுமுறை எதுவும் கணக்கில் வராது, சனி வரும். செவ்வாய்க்கிழமை கூட்டமென்றால் முந்தைய வியாழனுக்குள் அறிவிப்புப் பலகையிலும் இணையத்திலும் நிகழ்ச்சி நிரல் ஏறிவிட வேண்டும். "இதர விஷயங்கள்" என்ற தலைப்பின் கீழ் பணம் ஒதுக்கினால் அந்த முடிவு செல்லாது. எதைப் பற்றி முடிவெடுக்கப் போகிறார்கள் என்று ஊருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டாமா?

வேல்ஸின் 2021 உள்ளாட்சி, தேர்தல் சட்டத்துக்குப் பின் வீட்டிலிருந்தபடியே இணையம் வழியாகவும் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம். பொதுமக்களுக்குப் பேச நியாயமான வாய்ப்புத் தர வேண்டும். எடுத்த முடிவுகளின் குறிப்பு ஏழு வேலைநாளுக்குள் இணையத்தில் வெளியாக வேண்டும். வராவிட்டால் கவுன்சிலின் அலுவலரான கிளார்க்கிடம் தயங்காமல் கேளுங்கள்.