மௌன தியானத்தின் நடுவில் ஒரு பூட்டு

“ரெண்டு நாள்தானே தம்பி, தியானம் முடியட்டும்” என்று ஃபாதர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. மௌன தியானத்தில் இருந்தவர்களுக்கு அது புரியும். கைப்பேசியை ஒப்படைத்துவிட்டு, பக்கத்தில் சாப்பிடுபவரிடம்கூடப் பேசாமல் இருக்கிறார்கள். எட்டு நாள் தியானத்தில் பலருக்கு மனம் அடங்கவே ஐந்தாறு நாள் ஆகிவிடும். சரியாக அந்த நேரத்தில் சிற்றாலயத்தைப் பூட்டியாக வேண்டும் என்று போய் நின்றவன், அங்கே தன்னார்வலனாகப் பராமரிப்பு வேலை பார்க்கும் நான்.

சிலுவைப்பாதைப் படம் ஒன்றின் பின்னாலிருந்து பென்சில் தடிமனில் ஒரு மண் தடம் சுவரில் மேலேறியிருந்தது. ஏணி வைத்து ஏறி, உத்தரத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன். நடுவில் கெட்டியான சத்தம். சுவரில் அது உட்காரும் இடத்துக்கு வந்ததும் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி இருந்தது. முனையை வைத்து அழுத்தினேன். பெயின்ட் மட்டும்தான் தடுத்தது. அதைத் தாண்டியதும் பிடிவரை உள்ளே போய்விட்டது.

கறையான் வெளிச்சத்துக்கு வராது, மேல்தோலை விட்டுவிட்டு உள்ளே தின்னும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். காற்றுப் படாமல் சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் முதலில் போகும். மழைக்காலத்தில் ஓடுகளும் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும்; மரம் பலம் இழக்கிற அதே நாட்களில்தான் பாரமும் கூடும். இதையெல்லாம் ஃபாதரிடம் சொன்னேன். எல்லாரையும் இடப்பக்கம் உட்கார வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். “உத்தரம் இறங்குனா கைமரம் எல்லாம் சேர்ந்து இழுபடும், ஃபாதர். ஒரு பக்கத்தோட நிக்காது” என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு சிற்றாலயத்தில் இருந்த நற்கருணையை, அதாவது அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை, வேறு அறைக்கு எடுத்துப்போய் வைத்துவிட்டு வந்து, சாவியைக் கையில் கொடுத்தார். “சரி, நீயே பூட்டிடு.”

அந்த ‘நீயே’தான் இன்னும் என்னை விடவில்லை. கோபமாகச் சொல்லவில்லை. பொறுப்பை என்மேல் போட்டாரா, என்னை நம்பினாரா, இரண்டுமா?

மடத்தின் கருவிகளையும் பொருட்களையும் பீடத்தின் புனிதப் பாத்திரங்களாகப் பாவிக்க வேண்டும் என்று புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) 6ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்காக எழுதிய ஒழுங்கின் 31ஆம் அதிகாரம் சொல்கிறது. தன்னார்வலனாக வந்த நாளிலிருந்து நான் பிடித்துக்கொண்டிருப்பது அந்த வரியைத்தான். கழிவுநீர்த் தொட்டியும் கூரையும் ஜெபத்துக்கு வெளியே இல்லை என்று மனதார நம்புகிறேன். ஆனால் மறுநாள் காலையில் ஓர் அம்மா பூட்டைத் தொட்டுப் பார்த்தார், கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பை வாசித்தார், படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போது அந்த வரி எனக்கு உதவவில்லை. இயேசுவின் காலடியில் உட்கார்ந்து கேட்ட மரியாளிடமிருந்து எடுக்கப்படாத நல்ல பங்கு என்று லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் வருகிறதே, அதை இவரிடமிருந்து எடுத்தவன் நானா? விளக்கிச் சொல்லவும் வழியில்லை. அவர் மௌனத்தில் இருந்தார்.

முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்திருக்கலாமே என்று பிறகு சிலர் கேட்டார்கள். அதற்கும் ஆட்கள் வர வேண்டும், ஜாக்கி வர வேண்டும், சுத்தியல் சத்தம் வேறு. எப்படியும் மௌனம் கலைந்திருக்கும். இப்படிச் சொல்லும்போது எனக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது, இரவில் படுத்தால் அந்தத் தெளிவு நிற்பதில்லை.

தியானம் முடிந்ததும் தச்சர் வந்து ஓடுகளை இறக்கிப் பார்த்தார். உத்தர முனையில் பாதி மண்ணாகிப் போயிருந்தது, மறுபாதி உளி இறங்காத அளவுக்குக் கெட்டி. “இன்னொரு மழை தாங்கியிருக்கும். தாங்காமலும் போயிருக்கும்” என்றார். எந்தப் பக்கமும் சாய விடாத பதில்.

இப்போது ஒவ்வொரு நீண்ட தியானத்துக்கும் முந்தின வாரமே எல்லா உத்தர முனைகளையும் தட்டிப் பார்த்துவிடுகிறோம். ஃபாதர்தான் அதை அட்டவணையில் சேர்க்கச் சொன்னார். அந்த நாளைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதில்லை. கேட்டால் நான் செய்தது சரி என்றுதான் சொல்வார் என்று தெரியும். அதனாலேயே கேட்காமல் இருக்கிறேன்.