சுவத்துல தலைகீழ், கண்ணுக்குள்ள மட்டும் நேரா?

முதல்ல நான் பண்ண கூத்த சொல்லிடறேன். ராத்திரி கரண்ட் போன நேரம், பிஸ்கட் அட்டையில பேனா முனையால ஒரு ஓட்டை போட்டு, அத ரெண்டு டம்ளருக்கு நடுவுல நிக்க வச்சு, இந்த பக்கம் மூணு மெழுகுவத்தி வரிசையா, அந்த பக்கம் வெள்ளை சுவரு. சுவத்துல மங்கலா மூணு வெளிச்ச பொட்டு. இடது கோடி மெழுகுவத்திய கையால மறைச்சா வலது கோடி பொட்டு மட்டும் காணாம போகுது, மத்த ரெண்டும் அப்படியே நிக்குது. கைய எடுத்தா திரும்ப வந்துடுது. என் பொண்ணு ரெண்டு தடவ பாத்துட்டு "அவ்ளோதானா"ன்னு கேட்டுட்டு போயிட்டா.

அவ்ளோதான். ஆனா யோசிச்சு பாருங்க, மூணு வெளிச்சமும் அந்த ஒரே குட்டி ஓட்டை வழியாதான் போயாகணும். அந்த நெரிசல்ல ஒண்ணோட ஒண்ணு கலந்து கொழம்பியிருக்க வேணாமா? இல்ல, ஒவ்வொண்ணும் அது பாட்டுக்கு நேரா போயிடுது. இத கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் முன்னாடி விளக்குங்கள வச்சு, ஒவ்வொண்ணா மறைச்சு பாத்து எழுதி வச்சவர்தான் இப்னு அல்-ஹைதம். 965 வாக்குல பஸ்ராவுல பொறந்து 1040 வாக்குல கெய்ரோவுல செத்தவர். புத்தகம் பேரு கிதாப் அல்-மனாஸிர், மொத்தம் ஏழு பாகம், ஒளியியல்னு இன்னிக்கு நாம சொல்றதுக்கு அடிப்படை போட்ட புத்தகங்கள்ல ஒண்ணு.

இவர பத்தி வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்ட் சுத்தும், ராஜா இவர வருஷக்கணக்கா வீட்டுக்குள்ள பூட்டி வச்சாரு, சுவத்து ஓட்டை வழியா வெளிச்சம் வந்துச்சு, உடனே கேமராவையே கண்டுபிடிச்சிட்டாருன்னு. படம் எடுக்க நல்ல சீன். கதையோட வேர் என்னன்னா, நைல் வெள்ளத்த என்னால கட்டுப்படுத்த முடியும்னு இவர் எங்கயோ சொல்லப்போக, அப்ப எகிப்த ஆண்ட அல்-ஹாக்கிம்ங்கற ஃபாத்திமிய வம்ச கலீஃபா காதுல விழுந்து, எகிப்துக்கு கூப்பிட்டு ஆள் படையோட அஸ்வான் பக்கம் அனுப்பிட்டாரு. போற வழியில பழைய எகிப்துக்காரங்க கட்டி வச்சிருக்கறத பாத்ததுமே இவருக்கு வயித்த கலக்கிடுச்சு, இவ்ளோ கணக்கு தெரிஞ்சவங்க இந்த ஆத்த கட்டுப்படுத்த முடிஞ்சிருந்தா விட்டு வச்சிருப்பாங்களான்னு. முடியாதுன்னு திரும்பி வந்தாச்சு, ஆனா அந்த கலீஃபா எப்ப யார் தலைய எடுப்பாருன்னே சொல்ல முடியாத ஆளு, அதனால பைத்தியம் மாதிரி நடிச்சு அந்த கலீஃபா போற வரைக்கும் வீட்டோட கெடந்தாராம். கலீஃபா போனது 1021. அப்புறம் அல்-அஸ்ஹர் மசூதி பக்கத்துல தங்கி, யூக்ளிட், தாலமின்னு பழைய கிரேக்க கணக்கு அறிஞர்களோட புத்தகங்கள எல்லாம் கையால காப்பி எழுதி வித்து வருஷத்துக்கு 150 தீனார்ல காலத்த ஓட்டினாராம். இதெல்லாம் இப்னு அல்-கிஃப்தின்னு ஒருத்தர் கிட்டத்தட்ட ரெண்டு நூறு வருஷம் கழிச்சு எழுதினது, அதனால ஒரு சிட்டிகை உப்போடதான் நான் எடுத்துக்கறேன். அதோட அந்த ஏழு பாகத்தையும் அவர் எழுதினது 1028க்கும் 1038க்கும் நடுவுலன்னு அத மொழிபெயர்த்த அறிஞர் சப்ரா கணிச்சிருக்காரு, அப்படின்னா பூட்டின ரூம் கதை ஒட்டவே மாட்டேங்குது.

சரி, பிரச்சனைக்கு வருவோம். நாம எப்படி பாக்கறோம்? யூக்ளிட், தாலமி கட்சி என்ன சொல்லுச்சுன்னா கண்ணுலேந்து கதிர் கிளம்பி போய் பொருள தொட்டு பாக்குது. கேட்டா சிரிப்பு வரும், ஆனா நாமளும் தெனமும் அப்படித்தான் பேசறோம், "ஒரு பார்வை வீசினான்"னு சொல்றோம், "கண்ணு பட்டுடுச்சு"ன்னு சுத்தி போடறோம். நம்மூர் பழைய தத்துவ பள்ளிகள்ல ஒண்ணான நியாய தரிசனக்காரங்க கூட கண்ணோட ஒளி வெளிய போய் பொருள தொடுதுன்னுதான் வாதாடினாங்க. அரிஸ்டாட்டில் ஆளுங்க இல்ல இல்ல, பொருளோட வடிவம்தான் கண்ணுக்குள்ள வருதுன்னாங்க. இதுக்கு பாக்தாத்ல 9ஆம் நூற்றாண்டுல அல்-கிந்திங்கற தத்துவ அறிஞர் போட்ட ஒரு கேள்வி எனக்கு ரொம்ப புடிக்கும். வடிவம் அப்படியே முழுசா உள்ள வருதுன்னா, ஒரு வட்டத்த விளிம்பு பக்கமா திருப்பி வச்சு பாத்தாலும் வட்டமாதான தெரியணும், ஏன் ஒரு கோடா தெரியுது? ஒரு தட்ட பக்கவாட்டுல திருப்பி பாருங்க, நியாயமான கேள்விதான். அதனால அவர் கதிர் கட்சியிலேயே இருந்துட்டாரு.

இப்னு அல்-ஹைதம் ரெண்டு கட்சியிலேயும் தேவையானத உருவிக்கிட்டாரு. சூரியன நேரா பாத்தா கண்ணு வலிக்குது, பளிச்சுனு ஒண்ண பாத்துட்டு இருட்டுக்குள்ள போனா அதோட உருவம் கொஞ்ச நேரம் கண்ணுல ஒட்டிக்கிட்டு நிக்குது, அப்ப வெளிய இருந்து ஏதோ வந்து கண்ண தாக்குது. கதிர் வெளிய போகுதுன்னே வச்சுக்குங்க, அது பாத்தத கண்ணுக்கு கொண்டாந்து குடுக்க ஏதோ ஒண்ணு திரும்பி வரணும்ல, வர்றதே போதும்னா போறது எதுக்கு? ஆனா யூக்ளிட்டோட கோணம், கூம்பு கணக்க மட்டும் அவர் தூக்கி போடல, கோட்ட வச்சுக்கோ, அது நெசமா கண்ணுலேந்து கிளம்புதுன்னு மட்டும் சொல்லாதேன்னுட்டாரு.

இங்கதான் சிக்கலே ஆரம்பம். பொருளோட ஒவ்வொரு புள்ளியிலேந்தும் எல்லா திசைக்கும் வெளிச்சம் போகுதுன்னா, ஒரு மாம்பழத்தோட காம்புலேந்து வர்றதும் அடியிலேந்து வர்றதும் கண்ணு மேல எல்லா இடத்துலயும் விழும். எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு. பின்ன மாம்பழம் எப்படி மாம்பழமா தெரியுது, ஒரே மஞ்சள் கலங்கலா இல்ல தெரியணும்? அவர் சொன்ன வழி, கண்ணு மேல செங்குத்தா வந்து விழற கதிர் மட்டும் வளையாம பலமா உள்ள போகும், சாய்வா விழறது வளைஞ்சு பலம் கொறஞ்சிடும், அதனால ஒரு புள்ளிக்கு ஒரு கோடுதான் கணக்கு. அதுக்கு உவமையும் வச்சிருக்காரு, மெல்லிசான பலகை மேல இரும்பு குண்ட நேரா அடிச்சா பொத்துக்கிட்டு போகும், சாய்வா அடிச்சா சறுக்கிடும், கத்தி வெட்டும் அப்படித்தான். லேசா சாஞ்சு வர்ற கதிர் மட்டும் ஏன் அவ்ளோ சுத்தமா கழண்டுடணும்னு கேட்டா கொஞ்சம் தடுமாற்றம்தான், ஆனா அப்படி ஒரு கேள்வி இருக்குன்னு புடிச்சதே பெரிய விஷயம்னு நான் நினைக்கறேன்.

இப்ப என்னால ஜீரணிக்க முடியாத எடம். அவர பொறுத்தவரைக்கும் கண்ணுல உணர்ற உறுப்பு லென்ஸ், அரபில ஜலீதிய்யா, பனிக்கட்டி மாதிரி இருக்கறதுன்னு அர்த்தம். கோடு எல்லாம் நேரா உள்ள போனா கண்ணு நடுவுல ஒண்ண ஒண்ணு வெட்டிக்கிட்டு அந்த பக்கம் படம் தலைகீழாயிடும். அத அவர் ஒத்துக்கவே இல்ல. வெட்டிக்கறதுக்கு முன்னாடியே லென்ஸோட பின் பக்கத்துல கதிர் எல்லாம் வளைஞ்சு, அப்படியே நேரான படமா நரம்புக்குள்ள போயிடுதுன்னு வடிவியல வளைச்சு வச்சாரு. நேரா பாக்கறோம், அப்ப உள்ளயும் நேராதான இருக்கணும்ங்கற எண்ணம்.

இதே மனுஷன் கிரகணத்தோட உருவம் பத்தி தனியா ஒரு சின்ன நூல் எழுதியிருக்காரு. சூரிய கிரகணம் நடக்கறப்ப சின்ன ஓட்டை வழியா வர்ற வெளிச்சம் எதிர்ல பிறை வடிவமா விழும், அந்த பிறை தலைகீழா இருக்கும், ஓட்டைய பெருசாக்கினா பிறை போய் வெறும் வட்டமாயிடும், இது ஏன்னு ஓட்டையோட அளவு, தூரம் எல்லாம் வச்சு பக்கம் பக்கமா கணக்கு போட்டிருக்காரு. சுவத்துல தலைகீழ் அவருக்கு பழக்கமான விஷயம், கைவச்சு அளந்த விஷயம். ஆனா கண்ணும் அது மாதிரி ஒரு இருட்டு ரூம்தான்னு அவர் ஒரு எடத்துல கூட சொல்லல.

அந்த புத்தகம் லத்தீனுக்கு போயி, 1572ல பாசல் நகரத்துல அச்சாகி, அத படிச்சு வளந்த வழியில வந்த கெப்ளர்தான் 1604ல படம் விழித்திரையில தலைகீழா விழுதுன்னு எழுதினாரு. கெப்ளருக்கும் அது நெருடலாதான் இருந்துச்சு, தலைகீழ் எப்படி நேராகுதுங்கறத இயற்கை தத்துவம் பேசறவங்க பாத்துக்கட்டும்னு கைய கழுவிட்டாரு.

இஸ்தான்புல் சுலைமானியா நூலகத்துல கிதாப் அல்-மனாஸிரோட ஒரு பழைய பிரதி இருக்கு, 1083ல பஸ்ராவுல அவரோட மருமகனே கையால எழுதினது. அதுல வர்ற கண் படம் நெட்ல கிடைக்குது, தேடி பாருங்க. கீழ பெரிய மூக்கு, ரெண்டு பக்கமும் வட்டம் வட்டமா கண்ணு, ரெண்டுலேந்தும் குழாய் மாதிரி நரம்பு கிளம்பி ஒண்ணா சேருது. நான் அத ஃபோன்ல பெருசாக்கி பெருசாக்கி பாத்துட்டு இருந்தப்ப கரண்ட் வந்துடுச்சு, மெழுகுவத்திய அணைக்க மறந்து அட்டையோட ஓரம் கருகி போச்சு.