தலைப்பாகையோடு அய்யா முன்னால்

பேரனின் கால் எலும்பு கூடி அவன் எழுந்து நடந்தால் அய்யா வைகுண்டரின் வழிபாட்டுத் தலமான சாமித்தோப்புப் பதிக்கு அழைத்துவந்து திருநாமம் இடுவதாக அம்மா நேர்ந்திருந்தார். அவன் நடக்க என்ன, ஓடவே தொடங்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைச் சொல்லி முடியாது. நாகர்கோவிலில் இறங்கியதுமே ஓர் ஆட்டோக்காரர், 'ஐந்து பதிகளையும் காட்டுகிறேன்' என்று வழிமறித்தார். கேட்ட தொகையோ தலைசுற்ற வைத்தது. காணிக்கையே வேண்டாம் என்றவரைப் பார்க்கப் போகிறவர்களிடமா இந்தப் பேரம்! பஸ்ஸிலேயே போனோம். முத்திரிக் கிணற்றடியில் அதைவிட நெரிசல். சாதி பாராமல் எல்லோரும் ஒன்றாகக் குளிக்க அய்யா வெட்டச் சொன்ன கிணறு. அங்கேயும் முண்டியடித்து முன்னே பாய்கிறவர்களை என்ன சொல்வது? ஆனாலும் தலையில் தண்ணீர் விழுந்ததும் எரிச்சல் இறங்கிவிட்டது.

சட்டையைக் கழற்றித் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டும்போது கை நடுங்கியது. 1809இல் பிறந்த அய்யாவுக்குப் பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்ததைக்கூடப் பொறுக்காமல் முத்துக்குட்டி என்று மாற்றவைத்த காலம் அது. பனைக்கு வரி, தலைக்கு வரி, கூலியில்லாத ஊழியம். தலையில் துணி கட்ட உரிமையற்றுக் கிடந்த பனையேறிகளையும் வயல்காட்டு மக்களையும், தலைப்பாகையோடு வந்து வணங்குங்கள் என்றாரே! திருவிதாங்கூர் மன்னர் சிங்காரத்தோப்பில் சிறைவைத்தும் அந்தக் கட்டு அவிழவில்லை. அய்யா மட்டும் வாளெடுத்திருந்தால் தெற்கே பெரிய விவசாயிகள் புரட்சி வெடித்திருக்கும், சரித்திரமே வேறாகியிருக்கும் என்பார் என் மைத்துனர். வெடித்திருக்கலாம், சர்க்கார் படை வந்து ஊர்களைக் கொளுத்தியும் இருக்கும். எனக்கு இந்தத் துண்டே பெரிய புரட்சி.

பதியின் கருவறையான பள்ளியறையில் சிலை ஏது? விளக்கும் கண்ணாடியும்தான். அதற்குள் தலைப்பாகையோடு நான், பக்கத்தில் மகன். பனையேறிப் பிழைத்த தாத்தாவின் முகச்சாடை இருவருக்கும் இருக்கிறது. அதுவரை நான் கவனித்ததில்லை. அவருடைய முன்னோர் கட்ட முடியாத தலைப்பாகையை எங்கள் தலையில் வைத்துப் பார்க்கத்தான் வரவழைத்தீரா, அய்யா? கேட்க நினைத்திருந்த வீட்டுக் கடன், வேலை மாற்றம் எதுவும் நாக்கில் வரவில்லை. பின்னாலிருந்து தள்ளினார்கள். 'அய்யா சிவசிவ சிவசிவா அரகரா அரகரா' என்று அழுதுகொண்டே நகர்ந்தேன்.

வடக்கு வாசலில் மகன் நாமத்தோடு ஓடுகிறான். முட்டிவலியை மறந்து அம்மா அவனைத் துரத்துகிறார். அடுத்தது அம்பலப்பதி என்று அதற்குள் சொல்லிவிட்டார். எப்போது கூப்பிட்டாலும் வருகிறோம், அய்யா. பிள்ளையின் காலைத் திருப்பித் தந்தீரே, அதற்கே இந்த ஆயுள் போதாது. அய்யா உண்டு!