தாகாமாட்சு: அகழிக்குள் கடல் வந்து போகும் கோட்டை

ஜப்பானில் கோட்டை பார்க்கணும் என்றால் எல்லோரும் ஹிமேஜிக்குத்தான் அனுப்புவார்கள். போங்கள், பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் ஷிகோகு தீவுப் பக்கம் போகிறவர்கள் தாகாமாட்சு கோட்டையை விட்டுவிடாதீர்கள். நடுக்கோபுரத்தை 1884-லேயே இடித்துவிட்டார்கள், இப்போது வெறும் கல் மேடைதான் நிற்கிறது, அதனால் அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அங்கே பார்க்க வேண்டியதே தண்ணீரைத்தான்.

இந்தப் பகுதியை ஆண்ட பிரபு இகோமா சிகாமாசா 1588-இல் கட்ட ஆரம்பித்தபோது வடக்கு மதில் நேராகக் கடலைத் தொட்டிருக்கிறது, மற்ற மூன்று பக்கமும் அகழி, அதிலும் கடல்நீர்தான். இன்றைக்கும் மதகு வழியாக செத்தோ கடலின் நீர் உள்ளே வருகிறது. அகழியோரம் நின்றால் உப்பு வாடை அடிக்கிறது, கீழ்க் கற்களில் கடல் ஏறி இறங்கிய கறை தெரிகிறது. உள்ளே நீந்துவதும் டாய் என்கிற கடல் மீன், நம் சங்கரா மாதிரி. தீவனம் வாங்கிப் போட்டால் கூட்டமாக மேலே வரும். மரப்படகில் ஏற்றி அகழியைச் சுற்றிக் காட்டுகிறார்கள், அதைத் தவறவிடாதீர்கள், மதிலை நீர்மட்டத்திலிருந்து அண்ணாந்து பார்க்கும்போதுதான் அதன் உயரம் உறைக்கும்.

அப்புறம் 1642-இல் மாட்சுதைரா யோரிஷிகே பிரபுவாக வந்தார், ஜப்பானையே ஆண்ட ராணுவத் தலைவர் (ஷோகன்) தோகுகாவா இயேயாசுவின் பேரன். அந்தக் குடும்பக் காலத்தில் எழுந்த ட்சுகிமி காவல் கோபுரம் வடக்கு மூலையில் அப்படியே நிற்கிறது. 1676-இல் முடித்தது, மூன்று அடுக்கு, வெள்ளைச் சுவர். துறைக்கு வரும் கப்பல்களை இங்கிருந்துதான் கவனித்திருக்கிறார்கள். ஒட்டியே நீர்வாசல். பிரபு இதன் வழியே சிறு படகில் இறங்கி, வெளியே நிற்கும் கப்பலுக்குப் போவாராம். கோட்டையிலிருந்து கடலுக்கே திறக்கும் வாசல் இது. நான் ரொம்ப நேரம் நின்றது இங்கேதான்.

இதே வளாகத்தைத்தான் 1955 முதல் தாமாமோ பூங்காவாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். கறுப்புப் பைன் மரங்களை அத்தனை பொறுமையாக வளைத்து வளர்த்திருக்கிறார்கள். நடுவில் 1917-இல் மாட்சுதைரா குடும்பம் கட்டிய ஹியுன்காகு மாளிகை, அதன் பெரிய கூடத்தில் மட்டும் தரையில் பதிக்கும் தத்தாமிப் பாய் 142. கூரை போட்ட மரப்பாலத்தைத் தாண்டி நடுக்கோபுர மேடைக்கு ஏறினால் ஒரு பக்கம் அகழி, இன்னொரு பக்கம் ஷோதோஷிமா, நாவோஷிமா தீவுகளுக்குக் கப்பல் புறப்படும் துறைமுகம். பக்கத்திலேயே கோத்தோதென் என்கிற உள்ளூர் ரயிலின் நிலையம், மதிலை ஒட்டித்தான் நடைமேடை.

இடித்த கோபுரத்தைத் திரும்பக் கட்டணும் என்ற ஆசை ஊரில் இருக்கிறது. கட்டட்டும், சந்தோஷம்தான். ஆனால் துறைமுகத்துக்காகக் கடலைத் தூர்த்ததில் நீர்வாசலுக்கு எதிரே இப்போது சாலை ஓடுகிறது. என்னைக் கேட்டால், கோபுரத்துக்கு முன்னால் அந்த வாசலுக்கு அதன் கடலைத் திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறதா என்று பார்க்கணும்.