'அகழி' என்று யார் தேடுவார்?

வேலூர் காந்தி ரோட்டில் லாட்ஜ் நடத்தும் அண்ணன் ஒருவருக்காக எழுதிய சின்ன ப்ளகின் அது, அதாவது வெப்சைட்டில் கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல். நாள் வாடகை, மாத வாடகை, சமையல் வசதி உண்டா என்பதை ஓரிடத்தில் மாற்றினால் வெப்சைட் முழுக்க மாறும். ஊருக்கும் கொடுப்போமே என்று, வெப்சைட் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸின் ப்ளகின் டைரக்டரிக்கு அனுப்பினேன். பெயர் வைக்கும்போதுதான் புத்தி தடுமாறியது. கோட்டையைச் சுற்றி அகழி உள்ள ஊர்க்காரன் என்ற பெருமையில் 'அகழி' என்றே வைத்தேன்.

ரிவ்யூவில் ஒருமுறை திரும்பி வந்தது. எஸ்கேப் செய்யாமல் (ஆபத்தான குறியீடு நுழையாதபடி மாற்றாமல்) திரைக்கு அனுப்பிய வரிகள், வேறு ப்ளகின்களோடு மோதக்கூடிய ஃபங்ஷன் பெயர்கள். தப்பு என்னுடையதுதான். திருத்தினேன், அனுமதி கிடைத்தது, டைரக்டரியின் கோப்புக் கிடங்கான எஸ்விஎன்னில் ஏற்றினேன்.

அப்புறம் மாதக்கணக்கில் '10க்கும் குறைவான நிறுவல்கள்'தான். அதிலும் இரண்டு என்னுடையவை. 'ரூம் டாரிஃப்' என்று நானே தேடினேன். பக்கம் பக்கமாகத் தள்ளியும் கண்ணில் படவில்லை.

அண்ணனிடம் புலம்பியபோது வாசலுக்கு அழைத்துப்போய் போர்டைக் காட்டினார். பெங்காலி எழுத்து பெரிதாக, லாட்ஜ் பெயர் கீழ் மூலையில் பொடியாக.

"கல்கத்தாலருந்து வைத்தியத்துக்கு வர்றவன் என் பேரையாப்பா தேடினு வர்றான்? கிச்சனோட ரூம் கீதான்னு பாக்கறான். அத்த அவன் பாஷையில எழுதிக்கீறேன்."

அன்று இரவே, டைரக்டரிப் பக்கத்தில் வரும் விவரங்கள் இருக்கும் ரீட்மீ கோப்பைத் திறந்தேன். பன்னிரண்டு டேக் (தேடலுக்கான குறிச்சொல்) போட்டிருந்தேன்; டைரக்டரி எடுத்துக்கொள்வது 5தான். அந்த முதல் ஐந்தில் 'வேலூர்', 'தமிழ்', 'அகழி' மூன்றும் உட்கார்ந்திருந்தன! சுருக்க விளக்கத்துக்கு 150 எழுத்துதான் இடம். அதில் பாதியை 'எளிமையான, அழகான' என்று வீணடித்திருந்தேன்.

மறுநாள் பக்கத்து லாட்ஜ்காரர்கள் இருவரிடமும், அவர்களுக்கு வெப்சைட் செய்து தரும் தம்பியிடமும் "இதைத் தேடினால் என்ன டைப் செய்வீர்கள்?" என்று கேட்டேன். 'ரூம் ரேட்', 'ரூம் ரென்ட்', 'பிரைஸ் லிஸ்ட்'. டாரிஃப் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. அவர்கள் சொன்னதையே ஆங்கிலத்தில் தலைப்பிலும் டேக்கிலும் விளக்கத்தின் முதல் வரியிலும் வைத்தேன்.

எந்த வேர்ட்பிரஸ் பதிப்புவரை சோதித்தது என்று சொல்லும் 'டெஸ்டட் அப் டு' வரியையும் மறந்திருந்தேன். கடைசி மூன்று பெரிய வெளியீடுகளோடு சோதிக்கப்படவில்லை என்ற மஞ்சள் எச்சரிக்கை பக்கத்தின் தலையிலேயே நின்றது. அதைப் பார்த்தபின் யார் நிறுவுவார்? புது வேர்ட்பிரஸில் ஓட்டிப் பார்த்து எண்ணை மாற்றினேன். இதற்குப் புதுப் பதிப்பு விட வேண்டியதில்லை, ரீட்மீயில் மாற்றினாலே போதும்.

தேடலில் வார்த்தைப் பொருத்தத்தோடு நிறுவல் எண்ணிக்கை, மதிப்பீடு, பயன்படுத்துபவர்கள் கேட்ட கேள்விகளுக்குத் தீர்வு சொன்னோமா என்பதெல்லாம் சேரும். கூட்டமுள்ள கடைக்குத்தான் மேலும் கூட்டம். எண்ணிக்கை என் கையில் இல்லை, பதில் சொல்வது என் கையில் இருந்தது. தூசி படிந்து கிடந்த இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதி முடித்துவைத்தேன்.

இப்போது '30+' காட்டுகிறது. 'ரூம் ரேட்' என்று தேடினால் முதல் பக்கத்தின் அடியில் தெரிகிறது. ரீட்மீயின் தமிழாக்கத்தையும் போட்டுவைத்திருக்கிறேன், மொழிபெயர்ப்பு எடிட்டர் ஒப்புதல் தர வேண்டும். முகவரியில் மட்டும் இன்னும் 'அகழி'தான். காட்டும் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அனுமதி கிடைத்தபின் ஸ்லக்கை, அதாவது முகவரியில் வரும் பெயரை, மாற்ற முடியாது.