கோழிக்கூட்டுக்கு ஒரு கண்ணாடி ஓடு

போன பங்குனியில ஒருதடவை, இந்தத் தையில ஒருதடவைன்னு ஒரே வருசத்துக்குள்ள எங்க கோழிக்கூட்டுக்கு ரெண்டு கூரை போட்டாச்சுங்க. 14 பொட்டை, 1 சேவல், எல்லாம் சிறுவிடைங்கற சின்ன நாட்டுக்கோழிதான், இதுகளுக்கு ரெண்டு கூரையான்னு வீட்ல கேக்காத ஆள் இல்ல. அதனால எங்க தப்பு பண்ணேன்னு எழுதி வச்சுடறேன், காங்கயம் பக்கம் வெயில்ல எவனாவது கூட்டுக்கு வெளிச்சம் வர்ற கூரை போடற யோசனைல இருந்தா காசாவது மிச்சமாகும்.

கூடு பொடக்காலில, அதாவது வீட்டுக் கொல்லைல இருக்கு, 10க்கு 8 அடி, மேக்கால எங்க வீட்டுச் சுவரு, அதுல இருந்து கிழக்கால சரியிற மாதிரி ஒத்தைச் சாய்ப்பு. முன்னாடி பழைய தகரம், அதுமேல தென்னங்கீத்து. வெக்கை இல்ல, ஆனா உள்ள கும்மிருட்டு, காலைல 10 மணிக்கும் செல்போன் டார்ச் அடிச்சுத்தான் முட்டை பொறுக்கணும். ஒருநாள் டார்ச் இல்லாம மூலைல கைய விட்டேன், முட்டைக்குப் பதிலா வழவழன்னு என்னமோ நகருது. சாரைப்பாம்புதான், விஷமில்ல, ஆனா அன்னைக்கு நான் வெளிய வந்து விழுந்த வேகத்தைப் பாத்து சேவலே பயந்துருச்சு. அன்னைக்கே முடிவு பண்ணேன், இந்தக் கூட்டுக்கு வெளிச்சம் வேணும்னு.

வெளிநாட்டுக்காரன் வீடியோவா பாத்துத் தள்ளினேன். பனி பெய்யிற ஊர்ல கூரை முழுக்க கண்ணாடி மாதிரி ஷீட்டு, உள்ள கோழி கதகதன்னு வெயில் காயுது. அவனுக்கு அது சரி, குளிர்ல வெயில் வேணும். நான் அதை அப்படியே காப்பி அடிச்சு கூரை முழுசும் ட்ரான்ஸ்பரன்ட் பாலிகார்பனேட் ஷீட்டு, அதாவது கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக், வாங்கிப் போட்டேன். முத நாள் காலைல போட்டோ ஸ்டுடியோ மாதிரி ஜோரா இருந்துச்சு. 11 மணிக்குப் போய்ப் பாத்தா உள்ள ஒரு கோழி இல்ல, எல்லாம் முருங்கை மரத்தடில றெக்கையை அகட்டி வாயைப் பொளந்துட்டு நிக்குது. உள்ள இருந்தது அடையில இருந்த செவலைப் பொட்டை ஒண்ணுதான், அது எந்திரிக்கல, தொண்டை மட்டும் படபடன்னு துடிச்சுட்டு இருக்கு. ஓடிப்போய் கூரை மேல ஈரச்சாக்கு போட்டேன். வச்ச 11 முட்டைல 4தான் பொரிச்சுது. வெக்கைதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா அந்தத் தொண்டை துடிச்சது இன்னும் கண்ணுலயே இருக்கு.

கணக்குப் போட்டுப் பாத்தப்பதான் உறைச்சுது. உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட், அதாவது ஒரு அயர்ன் பாக்ஸ். எங்க கூரை 80 சதுர அடி, ஏழரை சதுர மீட்டர்கிட்ட வரும். தெளிவான ஷீட்டு அதுல பெரும்பங்கை அப்படியே உள்ள விட்டுரும், தரையும் அதுல பரப்பியிருக்கிற உமியும் அதை வாங்கிச் சூடாகும், அந்தச் சூடு திரும்ப ஷீட்டு வழியா லேசுல வெளிய போகாது. ஆறேழு அயர்ன் பாக்ஸை ஆன் பண்ணி உள்ள வச்சுட்டு கோழியை அடைச்ச மாதிரி. கோழிக்கு சாதாரணமாவே உடம்புச்சூடு 41 டிகிரிக்கு மேல, வேர்க்கவும் வேர்க்காது, வாயைப் பொளந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை எறக்கணும்.

சித்திரை வந்ததும் வேற வழியில்லாம, வெயில் தணியற வரைக்கும், காசு போட்டு வாங்கின கண்ணாடி ஷீட்டு மேலயே பழையபடி கீத்தைப் பரப்பினேன். அப்பத்தா திண்ணைல உக்காந்து பாத்துட்டு, "ஏஞ் சாமி, கோழி என்ன பொஸ்தகமா படிக்கப்போவுது, அத்தனை வெளிச்சம் எதுக்கு? நம்ம பழைய வீட்டு அடுப்படிக்கு எத்தனை கண்ணாடி ஓடு இருந்துச்சு?"ன்னு கேட்டுச்சு. ஒண்ணுதான் இருந்துச்சு. அத்தனை ஓட்டுக்கு நடுவுல ஒரே ஒரு கண்ணாடி ஓடு, அதுவும் பாதி புகை படிஞ்சது, அதுல வர்ற வெளிச்சத்துலதான் எங்க வீட்ல மூணு தலைமுறைக்கு அரிசில கல்லு பொறுக்கினாங்க. நான் வெளிநாட்டு வீடியோ பாத்ததுக்கு அந்த அடுப்படியை நினைச்சுப் பாத்திருக்கலாம்.

ஆக, எந்த ஷீட்டுங்கறது ரெண்டாவது கேள்வி. எவ்வளவு, எங்கங்கறதுதான் மொதல்ல. கூரைல பத்துல ஒரு பங்கு போதும்னு எனக்குப் பட்டுச்சு, அதாவது 2 அடி அகலம் 4 அடி நீளத்துல ஒரே ஒரு துண்டு.

எங்கங்கறதுலயும் ஒரு கூத்து நடந்துச்சு. கண்ணாடி ஷீட்டை வடக்குப் பக்கம் வை, நேர் வெயில் விழாதுன்னு எல்லாரும் எழுதி வச்சிருக்கான். நானும் வடக்கு ஓரமா, சாய்ப்பைக்கூட வடக்கால திருப்பிக் கட்டிடலாம்னுதான் இருந்தேன். அக்னி நட்சத்திரத்துல ஒருநாள் உச்சிப்பொழுதுக்குத் துணி எடுக்கப் போனேன், கொடி கட்டுற கம்பத்தோட நெழல் குட்டியா தெக்கால விழுந்து கெடக்கு. நெழல் தெக்க விழுந்தா சூரியன் வடக்க இருக்குன்னுதான அர்த்தம்! நம்ம ஊரு 11 டிகிரி அட்சரேகை, ஏப்ரல் 20 வாக்குல சூரியன் நேர் தலைக்கு மேல வந்து, அப்புறம் வடக்க நகந்துடும், திரும்பித் தலைக்கு மேல வர ஆகஸ்ட் 24 பக்கம் ஆயிரும். வருசத்துலயே கொடூரமான வெயில் அடிக்கிற மே மாசத்துல இங்க வடக்குச் சாய்ப்புக்குத்தான் தெக்கை விட அதிகமா வெயில். வடக்கு வெளிச்சம்ங்கறது டெல்லிக்கும் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்குச் சரி, நமக்கு ஒத்துவராது.

அதனால கிழக்கு. காலைல வெயில் இதமா இருக்கறப்ப உள்ள வரும், ராத்திரி எச்சத்துல நனைஞ்ச உமி கொஞ்சம் காயும், 2 மணிக்கு மேல வீட்டு நெழல் கூட்டு மேல விழுந்துடும். கிழக்கு ஓரத்துலயும் கண்ட எடத்துல வைக்கல. உக்கார்ற கம்புக்கு மேல வந்தா அங்க வெக்கை. முட்டைப்பெட்டிக்கு மேல வந்தா கோழி பெட்டிக்குள்ள போகவே போகாது, முட்டை விட அதுக்கு மறைவா மங்கலா ஒரு எடம் வேணும், நல்லா வெளிச்சமா இருந்தா ஒண்ணு விட்ட முட்டையை இன்னொண்ணு கொத்தவும் ஆரம்பிச்சுடும். தண்ணித் தொட்டிக்கு மேல வந்தா மத்தியானம் தண்ணி வெந்நி, ஒரு வாரத்துல பச்சைப்பாசி. கடைசில தீவனம் போட்டுக் கிளற்ற எடத்துக்கு மேல மட்டும்தான் வச்சேன்.

இப்ப ஷீட்டுக்கு வர்றேன். கடைல முதல்ல எடுத்துக் காட்டுனது பச்சைக் கலர் ஃபைபர் ஷீட்டு, விலை கம்மி, நம்ம ஊர் ஒர்க்‌ஷாப், மாட்டுக்கொட்டாய் எல்லாத்துலயும் அதான். வெயில்ல நாலஞ்சு வருசம் கெடந்தா மேல் பூச்சு தேஞ்சு உள்ள இருக்கிற கண்ணாடி இழை வெளிய நீட்டிக்கும், கை வச்சா அரிக்கும், அதுல தூசி ஒட்டி வெளிச்சமே வராது. அதைக்கூடப் பொறுத்துக்கலாம், எனக்கு அந்தப் பச்சைதான் ஆகல. கோழிக்கு ஒடம்பு சரியில்லன்னா மொதல்ல காட்டிக் குடுக்கறது கொண்டை, செக்கச்செவேல்னு இருக்கிறது வெளிறும், இல்ல கருநீலமாகும். அப்புறம் எச்சம், வெள்ளையா கழியுதா பச்சையா கழியுதான்னு பாக்கணும், வெள்ளைக்கழிச்சல் வந்த வீட்டுக்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. பச்சை ஷீட்டுக்குக் கீழ நின்னா எல்லாக் கொண்டையும் ஒரே கலரு, எல்லா எச்சமும் பச்சை. தெரிஞ்சவர் ஒருத்தர் பண்ணைல போய் நின்னு பாத்துட்டுத்தான் சொல்றேன், நீலமும் அதே கதைதான். கலர் ஷீட்டு வேணாம்ங்க.

பிவிசி ஷீட்டு நம்ம வெயிலுக்கு மொறமொறன்னு ஆயிரும், கல்லு பட்டா ஒடையும். கெட்டி பாலிகார்பனேட் நல்ல உறுதி, விலையும் அதுக்கேத்த மாதிரி. நான் இந்தத் தடவை எடுத்தது பால் வெள்ளைல 6 எம்எம் ட்வின்வால், அதாவது ரெண்டு தகடும் நடுவுல குறுக்குத் தடுப்பும், முனைல பாத்தா வரிசையா ஓட்டை ஓட்டையா இருக்கும். பால் வெள்ளைங்கறதால பாதி வெளிச்சத்துக்குப் பக்கம்தான் உள்ள வரும், வர்றதும் ஒரே எடத்துல பளீர்னு விழாம பரவி விழும். ஒரு குறை, மேல் தகடு மெல்லிசு, தென்னை மரத்துக்கு அடில கூடு இருந்தா காயோ மட்டையோ விழுந்தா குழி விழுந்துரும். எங்களுக்கு அந்தப் பக்கம் மரம் இல்ல.

மாட்டறதுல கவனிக்க வேண்டியதை நான் பழைய ஷீட்டைக் கழட்டினப்பதான் கத்துக்கிட்டேன். பாலிகார்பனேட்ல பொதுவா ஒரு பக்கம்தான் யூவி பூச்சு, அதாவது வெயிலோட புற ஊதாக்கதிரைத் தடுக்கிற பூச்சு, மேல ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் பேப்பர்ல எந்தப் பக்கம் வெயிலுக்குன்னு எழுதியிருக்கும். முதல் தடவை மாட்டுனவரு ரெண்டு பக்கமும் பேப்பரை உரிச்சுப் போட்டுட்டு அப்புறம் மாட்டினாரு, பாதி ஷீட்டு தலைகீழ். பத்து மாசத்துலயே அந்த ஷீட்டெல்லாம் லேசா மஞ்சள் தட்ட ஆரம்பிச்சிருந்துச்சு, பக்கத்துலயே சரியா மாட்டினது தெளிவா இருக்கு. இந்தத் தடவை நானே மார்க்கர்ல "மேல"ன்னு எழுதிட்டுத்தான் பேப்பரை உரிக்க விட்டேன்.

அப்புறம் ராத்திரி சத்தம். போன வருசம் எட்டு மணிக்கு மேல கூட்டுல இருந்து டக்... டக்னு கேக்கும், கீரி வந்துருச்சுன்னு தடியைத் தூக்கிட்டு நாலுதடவை ஓடியிருக்கேன். கீரியும் இல்ல ஒண்ணும் இல்ல, ஷீட்டு சுருங்குற சத்தம். இது இரும்பை விட அஞ்சு மடங்குக்கு மேல விரியிற சாமான், 8 அடி ஷீட்டு பகலுக்கும் ராத்திரிக்கும் 30 டிகிரி வித்தியாசத்துல 5 எம்எம்கிட்ட நீண்டு சுருங்கும். ஸ்க்ரூ அளவுக்கே ஓட்டை போட்டு இறுக்கி வச்சா அது எங்க போகும், ஓட்டையைச் சுத்தி விரிசல்தான். ஓட்டை ஸ்க்ரூவை விட 3 எம்எம் பெருசா இருக்கணும், ரப்பர் வாஷர் போட்டு அது பிதுங்காத அளவுக்கு முடுக்கினா போதும். "லூசா விட்டா காத்துக்குப் பறந்துரும் தம்பி"ன்னு வெல்டர் அண்ணன் கடைசி வரைக்கும் முனகிட்டேதான் மாட்டினாரு.

ட்வின்வால்ல இன்னொண்ணு, அந்த ஓட்டை வரிசை தண்ணி வடியிற திசைலதான் இருக்கணும், மேல் முனைக்கு அலுமினியம் டேப், கீழ் முனைக்கு காத்து மட்டும் போற டேப். இல்லன்னா எறும்பு உள்ள குடியேறி, பாசி புடிச்சு, ரெண்டாவது மழைக்குள்ள அசிங்கமாயிரும். ஷீட்டு உக்கார்ற இரும்புப் பைப்போட மேல்பக்கத்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடிச்சுட்டேன், கருப்பா இருந்தா அந்த எடத்துல மட்டும் சூடேறி ஷீட்டைக் கெடுக்கும். எச்சத்துல இருந்து வர்ற அமோனியாவும் பாலிகார்பனேட்டுக்கு ஆகாது, ஆனா காலைல கூட்டைத் தொறந்ததும் உங்க கண்ணு எரியுதுன்னா ஷீட்டுக்கு முன்னாடி கோழிக்குத்தான் கேடு, காத்துக்கு வழி பண்ணுங்க. எங்க கூட்டுல மூணு பக்கமும் கம்பி வலைதான்.

"வெளிச்சம் வந்தா முட்டை கூடுமாமே"ன்னு நெறையப் பேர் கேக்கறாங்க. முட்டைக்கோழிக்கு 14ல இருந்து 16 மணி நேரம் வெளிச்சம் வேணும்னு சொல்றது பகலோட நீளத்தை. நம்ம ஊர்ல பகலே வருசம் முழுக்க 11 அரைக்கும் 12 முக்காலுக்கும் நடுவுலதான், எந்த ஷீட்டு போட்டாலும் சூரியன் ஓவர்டைம் பாக்காது, அதுக்கு பல்புதான் போடணும். அதே மாதிரி வைட்டமின் டியும் இந்த ஷீட்டு வழியா வராது, அதுக்குத் தேவையான யூவியை பாலிகார்பனேட் தடுத்துரும். கோழியை வெளிய திறந்து விடுங்க, அவ்வளவுதான்.

மீதிக் கூரைக்கு தகரமும் மேல கீத்தும் பழையபடி வந்தாச்சு. சித்திரை பொறந்ததும் ஒரே ஒரு கீத்தை எடுத்து அந்தத் துண்டு மேலயும் போட்டுருவேன், ஆடி முடிஞ்சா எடுத்துருவேன். இப்ப காலைல 7 மணிக்கெல்லாம் ஒரு பாய் அளவுக்கு வெளிச்சம் உமி மேல விழுது. செவலை அதுல சரிஞ்சு படுத்து ஒத்தைக் காலை நீட்டி மண்ணை வாரிப் போட்டுக் குளிக்கும், வெளிச்சம் நகர நகர அதுவும் நகருது. முட்டை பொறுக்க டார்ச் எடுத்து ரெண்டு மாசமாச்சு.

கழட்டின பழைய ஷீட்டுல நல்லது ரெண்டு மாடில சாத்தி வச்சிருந்தேன். நேத்து வீட்டுக்காரம்மா அதுல ஒண்ணைத் தூக்கிட்டு வந்து சமையலறைல சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழ நின்னுட்டு, பகல்லயே லைட்டைப் போட்டு அணைச்சு அணைச்சுக் காட்டறாங்க, ஒரு வார்த்தை பேசல. வெல்டர் அண்ணனுக்கு போன் போட்டாச்சு, ஞாயித்துக்கிழமை வர்றாராம்.