போயா நாளும் பன்னிரண்டு கிளாஸும்

போயா என்றால் ஊருக்கெல்லாம் லீவு. எங்களுக்கு பார் மட்டும்தான் பூட்டு. இலங்கையில் பௌர்ணமி தினத்தில் மது விற்கக் கூடாது என்பதால் அன்றைக்கு ஒரு போத்தலும் திறபடாது. கொள்ளுப்பிட்டியில் நான் வேலை செய்யும் உணவகத்தில் அந்த நாள் கிளாஸ் நாள். அலுமாரியில் இருக்கிற வைன் கிளாஸ் அத்தனையும் கீழே இறங்கும். எண்ணி, கழுவி, துடைத்து, உடைந்ததை எழுதிவைக்கும் பிரேக்கேஜ் கொப்பியோடு ஒத்துப் பார்த்து, திரும்ப மேலே ஏற்றுவோம்.

எட்டு வருடத்துக்கு முன் நான் சேர்ந்தபோது மேல்தட்டில் பன்னிரண்டு கிளாஸ் தனியாக நின்றன. முதலாளி ஒஸ்திரியாவிலிருந்து கையோடு கொண்டுவந்தவை, வாயால் ஊதிச் செய்தவை. முதன்முதல் ஒன்றைத் தூக்கியபோது, கனத்தை எதிர்பார்த்துப் போன கை ஏமாந்து சட்டென்று மேலே எழும்பிவிட்டது. ஒன்றின் விலை என் ஒரு கிழமைச் சம்பளம் என்று கேட்ட பிறகு தொடவே பயம்.

சேர்ந்த மூன்றாம் கிழமை ஒன்றை உடைத்தேன். இரவு பதினொன்றரை மணி. விருந்தினர் ஆறு பேர் இரண்டு போத்தலை முடித்து, பலத்த சிரிப்பும் பேச்சுமாக இருந்துவிட்டு, ஆறு கிளாஸையும் ஒரு கீறல் இல்லாமல் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் குடித்தவனுமில்லை, சிரித்தவனுமில்லை. இடது கையால் கிளாஸின் அடித்தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையில் துணியோடு கிண்ணத்தைத் திருகினேன், வீட்டில் சில்வர் பேணி துடைக்கிற மாதிரி. ‘டிக்’ என்று ஒரு சத்தம். பேனைக்கு மூடி போடுகிற அளவு சத்தம்தான். பார்த்தால் ஒரு கையில் கிண்ணம், மற்றக் கையில் தண்டும் தட்டும். தண்டின் முனை உள்ளங்கையைக் கிழித்திருந்தது.

ஹட்டன் அண்ணன் என்று நாங்கள் எல்லோரும் கூப்பிடும் மூத்தவர் கிளாஸைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். பிளாஸ்டர் ஒட்டிவிட்டு, “தம்பி, எந்த இடத்தைத் துடைக்கிறியோ அந்த இடத்தை மட்டும்தான் பிடிக்கணும்” என்றார். பிறகு செய்து காட்டினார். பெரிய துணியின் ஒரு பக்கத்தை இடது உள்ளங்கையில் விரித்து, கிண்ணத்தை அதிலே உட்காரவைத்தார். மறுபக்கத்தைப் பெருவிரலால் கிண்ணத்துக்குள் மெல்லத் தள்ளி, மற்ற விரல்களை வெளியே வைத்துச் சுழற்றினார். கிளாஸ் கோழிக்குஞ்சு மாதிரி அவர் கைக்குள் இருந்தது. தட்டைத் துடைக்கும்போது தட்டை மட்டும் பிடித்தார். தட்டை ஒரு பக்கமும் கிண்ணத்தை மறுபக்கமும் திருகினால் நடுவில் மாட்டுப்படுவது தண்டு. விலையை நினைத்துப் பயந்து நான் இறுக்கிய இறுக்கலில்தான் அது போயிருந்தது.

அன்றிலிருந்து பிரேக்கேஜ் கொப்பியை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். விருந்தினர் தட்டிவிட்டது என்று எழுதியது அபூர்வம். ‘சிங்க்’, ‘துடைக்கும்போது’, ‘ராக்கில்’ என்றுதான் பக்கம் பக்கமாக இருக்கும். நேரமும் அநேகமாகப் பதினொரு மணிக்குப் பிறகு.

கழுவுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சிங்கின் அடியில் ஒரு துவாயை மடித்துப் போட வேண்டும். இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒரு தடவைக்கு ஒரு கிளாஸ், விரலில் மோதிரம் இருந்தால் கழற்றி வைக்க வேண்டும். சவர்க்காரம் துளியளவு போதும், அலசுவதுதான் முக்கியம். சவர்க்காரம் மிஞ்சினால் ஷாம்பெய்னில் குமிழ் ஒழுங்காக எழும்பாது. துடைக்கும் துணிக்கும் இதே சட்டம்: துணியைத் துவைக்கும்போது வாசனைத் திரவம் விட்டால் அந்த வாசனை கிளாஸில் ஏறிவிடும். மெஷினில் போடலாம் என்று சில தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். போடலாம், ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்க ஆள் இருந்தால். கடும் சூட்டிலும் காரமான சவர்க்காரத் தூளிலும் நாள்பட்டால் கண்ணாடி மங்கிப் போகும். அந்த மங்கல் பிறகு எதற்கும் போகாது.

தண்ணீர் விஷயத்தில் கொழும்புக்காரர் கொடுத்துவைத்தவர்கள். களனி ஆற்றுத் தண்ணீர் மென்மையானது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கிணறு சுண்ணாம்புக்கல்லைத் தோண்டியது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படை ஏறி, அம்மா மாதாமாதம் வினாகிரி விட்டுக் காய்ச்சுவார். அந்தத் தண்ணீரில் கழுவித் தானாகக் காயவிட்டால் கிளாஸ் முழுக்கப் புள்ளிதான். (நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாராவது கேட்டால் அம்மா இன்றைக்கும் “ஹோட்டலில் மேற்பார்வை” என்றுதான் சொல்வார். வைன் என்ற சொல் வாயில் வராது.)

கொழும்பின் கஷ்டம் ஈரக்காற்று. பூட்டிய அலுமாரி ஒரு மாதத்தில் மணக்கத் தொடங்கும். கிளாஸைக் கவிழ்த்து வைத்தால் அந்த மணம் கிண்ணத்துக்குள்ளேயே அடைபட்டு நிற்கும், மெல்லிய விளிம்பில் பாரமும் ஏறும். அதனால் நிமிர்த்தியே வைப்போம். தூசு விழுந்தால் அலசிக்கொள்ளலாம்.

ஒருமுறை ஒரு மேசையில் சிவப்பு வைன் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கார்க் கெட்டிருக்கும் என்று இன்னொரு போத்தல் திறந்தோம். அதுவும் சரியில்லை. மனேஜர் வந்து, போத்தலை விட்டுவிட்டு வெறும் கிளாஸை மோந்து பார்த்தார். முகம் மாறியது. கரப்பான் பூச்சிக்குப் பயந்து யாரோ ஒருவர் அலுமாரிக்குள் பூச்சி உருண்டை போட்டிருந்தார். அந்த யாரோ நான்தான். இரண்டு போத்தல் காசு! அதற்குப் பிறகு, மேசைக்குப் போகும் ஒவ்வொரு வெறும் கிளாஸுக்குள்ளும் மூக்கை விட்டுப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. பார்க்கிற விருந்தினருக்கு அது ஏதோ பெரிய கலை மாதிரித் தெரியும்.

பன்னிரண்டு ஐந்தானபோது, புதிதாக வாங்கும் பொறுப்பை மனேஜர் என் தலையில் போட்டார். மூன்று மாதிரிகள் வந்தன. ஊதிச் செய்ததை அடையாளம் காண எனக்கு நகம் போதும். மலிவான மெஷின் கிளாஸின் விளிம்பு உருண்டு தடித்திருக்கும். ஊதியதில் விளிம்பை வெட்டித் தேய்த்திருப்பார்கள், நகம் எதிலும் தடுக்காது. நனைத்த மர அச்சுக்குள் சுழற்றிக்கொண்டே ஊதுவதால், எழும்பும் நீராவி நடுவில் மெத்தையாக நின்று, பொருத்துக்கோடு விழாமல் காக்கும். தண்டு கிண்ணத்தின் அடியிலிருந்தே சூட்டோடு இழுத்ததா, தனியாக ஒட்டியதா என்றும் பார்ப்பேன். இரண்டு கிளாஸ் மயிரளவு உயரம் வித்தியாசப்பட்டால் அது குற்றமில்லை. மேசையில் ஆடினால்தான் குற்றம். சுண்டிப் பார்த்து ‘கிண்’ என்று கேட்டால் நல்ல பளிங்குக் கண்ணாடி என்பார்கள். 1674இல் லண்டனில் ஜோர்ஜ் ரேவன்ஸ்குரொஃப்ட் உரிமம் வாங்கிய ஈயம் கலந்த கண்ணாடியால்தான் அந்தச் சத்தம் பேர் பெற்றது. இன்றைக்கு ஈயமே இல்லாத மெல்லிய கிளாஸும் அழகாகக் கிண்ணென்கிறது.

விற்க வந்தவர் ஒவ்வொரு திராட்சைக்கும் ஒவ்வொரு வடிவம் வேண்டும் என்றார். 1973இல் ஒஸ்திரியக் கண்ணாடித் தயாரிப்பாளர் கிளவுஸ் ரீடல் தன் ‘சொமெலியேர்’ கிளாஸ் வரிசையைக் கொண்டுவந்த காலத்திலிருந்து ஓடும் பேச்சு அது. அதில் விஷயம் இல்லாமலில்லை. அகன்ற வயிறும் ஒடுங்கிய வாயும் மணத்தைச் சேர்த்துப் பிடிப்பது எனக்கே தெரிகிறது. ஆனால் பதினெட்டு மேசைக்கு ஆறு வடிவம் வாங்கினால், அதைப் பதினொன்றரைக்குப் பிரித்து அடுக்குவது யார்?

அந்தக் கேள்வியோடு மூன்று மாதிரியையும் பாண்ட்ரிக்குக் கொண்டுபோனேன். சனிக்கிழமை, சேவை முடிந்த நேரம். கழுவுகிற தம்பிக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. ஒன்றும் சொல்லாமல் மற்றவற்றோடு வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்தேன். தடித்ததை அவன் கவனிக்கவே இல்லை. நடுத்தரமானதைக் கையில் எடுத்ததும் ஒரு கணம் நின்று, தானாகவே பிடியை மாற்றினான். ஆக மெல்லியதைத் தொட்டவுடன், “அண்ணை, இதை நீங்களே கழுவுங்கோ” என்று என்னிடமே நீட்டினான்.

நடுத்தரத்தில் நாற்பத்தெட்டு வாங்கினோம், ஒரே வடிவம். அந்த மெல்லிய மாதிரி மேல்தட்டில் பழைய ஐந்தோடு நிற்கிறது. போயாவுக்குப் போயா அந்த ஆறையும் நான்தான் கழுவுகிறேன்.